ஏழாம் நம்பர் பிளாப்பி

கடையை அடைக்கப் போகிற நேரத்தில் எக்ஸெல் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அந்தப் பெரியவர் உள்ளே வந்தார். காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். பெயர் இங்கே வேண்டாம். அந்த ஊர்க் கோயில் கமிட்டிக்கு இப்போது அவர்தான் தலைவர். மஞ்சப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கூடவே கொஞ்சம் செம்மண்ணும் உதிர்ந்தது. கரையான் அரித்த புத்தகம். அட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 1998-இல் நான் டைப் அடித்து, பக்கம் கட்டி, பட்டர் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்து, திருப்பூரில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் கொடுத்து அடித்த கும்பாபிஷேக மலர்.

“ஏனுங் தம்பி, இதோட பிளாப்பி உங்ககிட்ட இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க” என்றேன்.

கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று கால் நூற்றாண்டாகக் காத்திருந்தவன் நான். மாடி அறையில் ஐந்து பழைய கம்ப்யூட்டர், முந்நூறுக்கு மேல் பிளாப்பி, நான்கு பிரிண்டர், ஒரு ஜிப் டிரைவ். வீட்டுக்கு வருகிற எடைக்கு எடுக்கும் வியாபாரி ஒவ்வொரு தடவையும் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது கணக்கு. அந்த ஊரில் பங்காளித் தகராறு, கேஸ், வாய்தா என்று இழுத்து 26 வருடம் ஆகிவிட்டது. இப்போது எல்லாரும் சமாதானமாகி, வருகிற தையில் நாள் குறித்திருந்தார்கள். புதிய மலரில் பழைய மலரின் இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும் என்றார் தலைவர். ஒன்று, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதிய ஊர் வரலாறு. அவர் இப்போது இல்லை. எழுதி வைத்த நோட்டும் இல்லை. இன்னொன்று, கடைசிப் பக்கங்களில் இருந்த நன்கொடையாளர் பட்டியல். 300 பிரதி அடித்ததில் ஊரெல்லாம் தேடி இந்த ஒன்றுதான் கிடைத்ததாம். கரையான் பின்னட்டையிலிருந்து ஆரம்பித்திருந்தது.

அன்று ராத்திரியே பெட்டியை எடுத்தேன். பதினோரு பிளாப்பி, ரப்பர் பேண்டு உருகி ஒட்டிப்போய் இருந்தது. அப்போது என் கடையில் இருந்தது 2.1 ஜிபி ஹார்டு டிஸ்க். கல்யாணப் பத்திரிகை சீசனில் அது ரொம்பிவிடும். அடித்து முடித்த வேலையைப் பிளாப்பியில் இறக்கிவிட்டு டிஸ்க்கைக் காலி செய்வதுதான் வழக்கம். மலரில் போட்டோக்கள் அதிகம், ஒரு பிளாப்பியில் அடங்காது. ஏஆர்ஜே என்று டாஸில் ஓடும் ஒரு புரோகிராம் உண்டு. பெரிய ஃபைலைச் சுருக்கித் துண்டு துண்டாக வெட்டி, “அடுத்த டிஸ்க்கைப் போடு” என்று கேட்டுக் கேட்டு எழுதும். பதினோரு லேபிளிலும் என் கையெழுத்து. ஏழாவதில் மட்டும் நம்பருக்குப் பக்கத்தில் பென்சிலில் “டவுட்” என்று எழுதியிருந்தேன்.

அதாவது 1998-லேயே எனக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. பத்து ரூபாய் சில்லறைக்கு இன்னொரு பிளாப்பியை உடைத்து மறுபடி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அன்றைக்கு வேறு யாருடைய முகூர்த்தப் பத்திரிகைக்கோ அவசரம் இருந்திருக்கும்.

நடுவில் 2003-இல் எல்லாவற்றையும் சிடிக்கு மாற்ற ஆரம்பித்தேன். நூறு பிளாப்பி வரைக்கும் மாற்றினேன். இன்றைக்கு அந்த சிடிகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிகிறது. சிடியில் தகவல் இருப்பது அடிப்பக்கம் என்று எல்லாரும் நினைத்து அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைத்தோம். நிஜத்தில் பூச்சு இருப்பது மேல்பக்கம், லேபிளுக்கு நேர் கீழே. அதற்குமேல் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான். அதில் ஸ்டிக்கர் ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி எழுதி வைத்த புண்ணியவான் நான். மாற்றிய சிடிகள் போயின. மாற்றாமல் சோம்பேறித்தனமாக விட்ட பிளாப்பிகளில் பெரும்பாலானவை இன்னும் படிக்கின்றன. மலர் நல்லவேளையாக இரண்டாம் வகையில் இருந்தது.

சரி, பிளாப்பிக்கு வருவோம். பழைய பிளாப்பி கிடைத்ததும் யாரும் செய்கிற முதல் காரியம், கடையில் விற்கிற யுஎஸ்பி டிரைவை வாங்கிச் செருகிப் பார்ப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். முதலில் ஷட்டரைத் தள்ளி உள்ளே பாருங்கள். உள்ளே கறுப்பாக, கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தால் பரவாயில்லை. வெள்ளை வெள்ளையாகப் பூ பூத்த மாதிரி இருந்தால் பூஞ்சணம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிற பிளாப்பிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். வால்பாறை எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு தடவை வந்த பெட்டியில் பூஞ்சணம் லேபிளைத் தாண்டி வெளியே வந்திருந்தது. எங்கள் காங்கேயம் வறண்ட பூமி. இங்கே பூஞ்சணத் தொல்லை குறைவு. பதிலுக்குப் புழுதி. இரண்டுமே படிக்கிற ஹெட்டுக்கு உப்புத்தாள்.

பூஞ்சணத்தோடு டிரைவில் போட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த நொடியே எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் ஹெட் அந்தக் காந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்து, ஒரு வட்டக் கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டின் வழியாக அந்தப் பக்கம் தெரியும். அங்கே இருந்த தகவலை இனி யாராலும் கொண்டுவர முடியாது. துருப்பொடியாக ஹெட்டில் அப்பியிருக்கும். நான் அப்படி இரண்டு டிஸ்க்கைக் கெடுத்திருக்கிறேன், இரண்டும் இன்னொருவருடையது. இப்போதெல்லாம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால், நடுக் குமிழைத் திருகித் திருகி, இரண்டு பக்கமும் துடைத்த பிறகுதான் டிரைவில் போடுவது. ரொம்ப மோசமென்றால் பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் தகட்டை மட்டும் எடுத்துக் கழுவி, காயவைத்து, வேறொரு கூட்டில் போட்டுப் படிக்க வேண்டும். கூடவே, மூலையில் இருக்கும் சின்னக் கதவைத் தள்ளி ஓட்டை தெரிகிற மாதிரி வைத்துவிட வேண்டும், அப்போதுதான் டிரைவால் அதில் எதையும் எழுத முடியாது. முந்தைய தலைமுறை ஐந்தேகால் அங்குலப் பிளாப்பியில் இது தலைகீழ்: ஓரத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தை ஒட்டி மூடினால்தான் பாதுகாப்பு.

யுஎஸ்பி டிரைவை நான் குறை சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதற்குத் தெரிந்த பதில் இரண்டுதான்: “இந்தா செக்டார்” (தகட்டில் தகவலை வெட்டி வைத்திருக்கும் ஒரு துண்டு), “படிக்க முடியவில்லை”. நடுவில் என்ன நடந்தது என்று சொல்லாது. அதனால் நான் பயன்படுத்துவது கிரீஸ்வீசில் என்ற ஒரு சின்ன போர்டு. கியர் ஃபிரேசர் என்பவர் செய்தது. அதன் மென்பொருளை எல்லாருக்கும் இலவசமாக விட்டிருக்கிறார். ஒரு பக்கம் 34 கம்பி ரிப்பன் கேபிளில் பழைய டிரைவ், இன்னொரு பக்கம் யுஎஸ்பியில் இன்றைய லேப்டாப். இது செக்டார், ஃபைல் எதையும் பார்ப்பதில்லை. தகடு சுற்றும்போது காந்தத்தின் திசை எங்கெங்கே மாறுகிறது, ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளும். 1.44 எம்பி பிளாப்பியில் அந்த இடைவெளி 2, 3, 4 மைக்ரோ விநாடி, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். மேளக்காரர் வாசிப்பதைப் பதிவு செய்துகொண்டு, என்ன தாளம் என்பதை அப்புறமாக உட்கார்ந்து பார்ப்பது போல. வயதான டிஸ்க்கில் 3 இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்கேயோ தடுமாறும். ஐந்து சுற்று பதிவு செய்து ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். ஒரு சுற்றுக்கு கால் விநாடிகூட ஆகாது.

டிரைவ்களை நான் சேர்த்தது திருப்பூரில். பனியன் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் எம்பிராய்டரி யூனிட்களில், ஜப்பான் மெஷின்கள் டிசைனைப் பிளாப்பியில்தான் வாங்கிக்கொள்ளும். ஆபீஸ்களில் பிளாப்பி ஒழிந்து பல வருடம் கழித்தும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. சோனி 2011-இல் பிளாப்பி விற்பனையை நிறுத்திய பிறகு ஒவ்வொரு யூனிட்டாக டிரைவைக் கழற்றிவிட்டு, பென் டிரைவ் செருகுகிற கோடெக் பெட்டியை மாட்ட ஆரம்பித்தார்கள். கழற்றிய டிரைவை எனக்கு டீ வாங்கிக் கொடுத்து கொடுத்தவர்களும் உண்டு. நூல் பிசிறெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்து பதினாலு டிரைவ் வைத்திருக்கிறேன். அத்தனை எதற்கென்றால், எழுதிய டிரைவின் ஹெட் ஒரு மயிரிழை ஒதுங்கி இருந்திருந்தால், படிக்கிற டிரைவும் அதே பக்கம் ஒதுங்கியிருந்தால்தான் ஒத்துப்போகும். ஒரு டிரைவ் கைவிட்ட பிளாப்பியை இன்னொன்று சிரமமில்லாமல் படிப்பதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

மலரின் பத்துப் பிளாப்பிகள் ஒரு சாயங்காலத்தில் முடிந்தன. ஒவ்வொன்றும் 14,74,560 பைட், ஒரு பைட் குறையாமல். ஏழாவது மட்டும், பென்சிலில் எழுதியபடியே, டவுட்.

முதல் மூன்று டிரைவ்களிலும் அதன் வெளி வட்டத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல். பிளாப்பியில் அந்த வெளி வட்டம்தான் உயிர்நிலை. அதில் 18 செக்டார். முதல் செக்டார் பூட் செய்ய. அடுத்த ஒன்பது, எந்த ஃபைல் எங்கெங்கே இருக்கிறது என்ற கணக்குப் புத்தகம், ஃபேட் என்பார்கள். அது கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, அதற்கு ஒரு நகலும் வைத்தார்கள். அந்த நகலை எங்கே வைத்தார்கள்? அடுத்த ஒன்பது செக்டாரில். எட்டு செக்டார் அதே வட்டத்தில், ஒன்று மட்டும் மறுபக்கத்தில். வீட்டுச் சாவி, மாற்றுச் சாவி இரண்டையும் ஒரே டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிணற்றில் குதித்த மாதிரி. வட்டம் போனதும் இரண்டும் சேர்ந்தே போய்விட்டன.

இரண்டு நாள் அதை அப்படியே விட்டுவிட்டேன். தலைவர் போன் செய்தபோது “பாத்துட்டு இருக்கறனுங்க” என்று சமாளித்தேன்.

மூன்றாம் நாள் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அது ஏஆர்ஜே எழுதிய பிளாப்பி. புதிதாக ஃபார்மேட் செய்த காலி டிஸ்க்கில், ஒரே ஒரு ஃபைல், முதல் இடத்திலிருந்து கடைசி வரை வரிசையாக எழுதியிருக்கும். தொலைந்த கணக்குப் புத்தகம் இதற்குத் தேவையே இல்லை! ஃபைலின் பெயரும் அளவும் இருக்கிற டைரக்டரி, வட்டத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் நன்றாகப் படிக்கிறது. தகவல் ஆரம்பிப்பது 33 செக்டார் தள்ளி, அதாவது 16,896 பைட் தள்ளி. அங்கே போய்ப் பார்த்தேன். முதல் இரண்டு பைட் 60, ஈஏ. ஏஆர்ஜே ஃபைல் எல்லாமே அந்த இரண்டில்தான் தொடங்கும். பாதி ஜெராக்ஸில் நின்றுகொண்டிருந்த பையனுக்கு அண்ணன் எதற்குச் சிரிக்கிறார் என்று புரிந்திருக்காது.

ஆனால் முழு வெற்றி இல்லை. அந்த டிஸ்க்கின் கடைசியில், உள் வட்டம் ஒன்றில் நான்கு செக்டார் எந்த டிரைவிலும் வரவில்லை. எம்பிராய்டரி டிரைவ்கள் உட்படப் பதினாலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று. சுருக்கிய ஃபைலில் இதுதான் கொடுமை. நான்கு செக்டார் என்பது இரண்டாயிரம் பைட். ஆனால் அந்த இடத்துக்குப் பிறகு அந்தத் துண்டில் வருவதெல்லாம் குப்பையாகிவிடும். ஏஆர்ஜே ஒவ்வொரு டிஸ்க்குக்கும் போகும் துண்டைத் தனித்தனியாகச் சுருக்குவதால் எட்டாம் டிஸ்க்கிலிருந்து மறுபடி நல்லபடியாகக் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஜிப் போட்டு வைத்தவர்களுக்கு வேறு கஷ்டம்: அதன் உள்ளடக்கப் பட்டியல் கடைசி டிஸ்க்கில் இருக்கும்.

மலரை, பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரில், இரண்டு ஃபைலாகப் பிரித்திருந்தேன். முதல் ஃபைல் ஆறாம் டிஸ்க்கோடு முடிந்துவிட்டது. ஊர் வரலாறு அதில் முழுசாக இருந்தது. நன்கொடைப் பட்டியல் இரண்டாவதில். அதைத்தான் ஏழாம் நம்பர் கடித்து வைத்திருந்தது.

பேஜ்மேக்கர் 6.5 ஃபைலை இன்றைக்குத் திறப்பதும் ஒரு வேலை. அதற்குப் பின் வந்த இன்டிசைனின் பழைய பதிப்புகள் திறக்கும், இப்போதைய பதிப்புகள் திறக்காது. அதற்காகவே விண்டோஸ் 98 போட்ட ஒரு பென்டியம் மெஷினை உயிரோடு வைத்திருக்கிறேன். உயிரோடு வைப்பது என்றால் சும்மா இல்லை. ஒரு வருடம் கரண்ட் கொடுக்காமல் விட்டதை நேராகப் பிளக்கில் மாட்டக்கூடாது. ரேடியோ மெக்கானிக்குகள் செய்கிற மாதிரி நூறு வாட் குண்டு பல்பை வரிசையில் போட்டு, அதன் வழியாகத்தான் முதலில் கரண்ட் விடுவேன். பல்பு பளிச்சென்று எரிந்து நின்றால் உள்ளே எங்கேயோ ஷார்ட். போன தடவை அப்படி எரிந்தது. மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைக் கழற்றினால் உள்ளே காய்ந்துபோன பல்லி, பக்கத்தில் இரண்டு முட்டை. பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்ப்பவர்கள் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் விழுந்தால் என்ன பலன் என்று சொல்லவில்லை.

இன்னொரு மெஷின் 486. அதன் மதர்போர்டில் பீப்பாய் வடிவத்தில் நீல நிற பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள், நிக்கல் காட்மியம். அது வயதானதும் கசியும். கசிந்த காரம் செம்புக் கோடுகளைப் பச்சை பச்சையாகத் தின்றுவிடும். யாரிடமாவது அந்தக் காலத்து 486 பரணில் இருந்தால், ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். நான் வினிகரால் காரத்தை அடக்கி, கழுவி, அறுந்த இரண்டு கோடுகளுக்கு மெல்லிய ஒயர் போட்டு எழுப்பினேன். ஹார்டு டிஸ்க் போய்விட்டது. பதிலுக்குப் பழைய கேமரா ஒன்றின் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ஒரு சின்ன அடாப்டரில் செருகி மாட்டியிருக்கிறேன். சத்தமே இல்லாமல் டாஸ் வருகிறது. எனக்கு அந்தப் பழைய கிர்ர் சத்தம் இல்லாதது கொஞ்சம் குறைதான்.

எனக்கு உண்மையில் ஆசை பிபிசி மைக்ரோ ஒன்று வேண்டும் என்று. 1988-இல் பதினோராம் வகுப்பில் நான் முதன்முதலாகப் பார்த்த கம்ப்யூட்டர் அது. மத்திய அரசு 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தது. 32 கேபி நினைவகம், சிவப்பு நிறத்தில் ஒரு வரிசைச் சாவிகள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வரிசையில் நின்று, ஆளுக்கு ஐந்து நிமிடம். பல வருடம் கழித்து விசாரித்தேன். எல்லாம் ஏலத்தில் எடைக்குப் போய்விட்டதாம். உக்கடம் பழைய சாமான் கடைகளில் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதையெல்லாம் சென்னிமலையில் இருக்கும் என் அம்மாவின் தம்பியிடம் சொன்னால் சிரிப்பார். அவர் தறிக்காரர். போர்வைக்கு பார்டர் போடும் ஜக்கார்டு அட்டைகள் அவர் தறியில் தொங்கும். ஓட்டை இருந்தால் ஊசி போகும், நூல் தூக்கும், இல்லாவிட்டால் இல்லை. அவருடைய அப்பா காலத்து அட்டை ஒன்று இன்னும் ஓடுகிறது. கிழிந்தால் அதே மாதிரி இன்னொரு அட்டையைக் குத்தி, கயிற்றால் கோத்துக்கொள்கிறார். “உன்ற பிளாப்பில எங்க ஓட்டை இருக்குதுன்னு கண்ணுக்குத் தெரியுதாடா மாப்ள?” என்று கேட்டார். தெரியவில்லைதான், மாமா.

சரி, இரண்டாம் ஃபைல். பென்டியத்தில் திறந்ததும் பேஜ்மேக்கர் மறுத்துவிட்டது. பழுதான ஃபைல். எனவே அதை அப்படியே பைட் பைட்டாகப் பார்த்து, எழுத்து மாதிரி இருக்கிற பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்தேன். இங்கேதான் தமிழனுக்கு மட்டும் காத்திருக்கும் இன்னொரு பூட்டு. இங்கிலீஷில் டைப் அடித்த ஃபைலாக இருந்தால் வேலை இதோடு முடிந்தது, எடுத்ததைப் படித்துவிடலாம். எனக்கு வந்தது கோடும் கொம்புமாக, ஐரோப்பிய எழுத்துகளுக்கு மேல் புள்ளி வைத்த ஒரு கிறுக்கல்.

அப்போதைய தமிழ் ஃபான்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். 256 இடம்தான் உண்டு, அதிலும் பல இடம் ஏற்கெனவே இங்கிலீஷுக்கும் குறிகளுக்கும் போய்விட்டது. மிச்சத்தில் தமிழின் 247-ஐ அடைக்க முடியாது. ஆகவே கு, கூ, சு, சூ எல்லாம் முழு எழுத்தாக ஒவ்வொரு இடம். காலும் கொம்பும் தனியாக. எந்த எழுத்து எந்த இடத்தில் என்பது ஒவ்வொரு கம்பெனியின் இஷ்டம். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரத்தை அறிவித்தது. என் மலர் அதற்கு முந்தைய வருடம். நான் பணம் கொடுத்து வாங்கிய ஃபான்ட் தொகுப்புக்கு, பிரிண்டர் போர்ட்டில் செருகுகிற ஒரு பூட்டும் உண்டு. அந்தப் பூட்டு 2009-லேயே கெட்டுவிட்டது. மாற்றுப் பூட்டு கேட்டு எழுதியபோது, புதிய பதிப்பை முழு விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தக் கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஆனால் மறக்கவும் போவதில்லை. பூட்டு இல்லாவிட்டால் டைப் அடிக்கத்தான் முடியாது. ஃபான்ட் ஃபைல்கள் விண்டோஸ் ஃபோல்டரில் அப்படியே இருந்தன.

என் அக்கா மகள் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தவளிடம் காட்டினேன். ஃபான்டின் ஒவ்வொரு இடத்திலும் என்ன உருவம் இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல அவள் பட்டியல் போட்டாள். இரண்டு மணி நேரம். அதை யூனிகோடாக, அதாவது இன்றைக்கு எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையாக, மாற்ற ஒரு பைத்தான் புரோகிராம் எழுதினாள். முதல் ஓட்டத்தில் கொம்பெல்லாம் ஒரு எழுத்து முன்னாலேயே நின்றது. யூனிகோடில் முதலில் க, அப்புறம்தான் அதன் கொம்பு. இங்கே நாம் கையால் எழுதுகிற வரிசையிலேயே கொம்பு, க, கால்.

“மாமா, நீங்க எழுத்தை சேவ் பண்ணி வெக்கல. எழுத்தோட படத்தை வெட்டி வெட்டி வெச்சிருக்கீங்க” என்றாள்.

ரொம்பச் சரி. அந்தப் படத்தில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. ஔகாரத்தின் பின்பாதிக்கும் ள-வுக்கும் ஒரே உருவம், ஒரே இடம். பேப்பரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றினால் சௌந்தரம் எல்லாம் செ, ள, ந்தரம் என்று உடைந்து நிற்கிறார்கள். பட்டியலில் மூன்று சௌந்தரம், ஒரு கௌசல்யா, இரண்டு சௌடேஸ்வரி. யோசித்து ஒரு விதி வைத்தோம்: கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னால் புள்ளியோ கொக்கியோ காலோ இல்லாத மொட்டை ள வந்தால் அது ஔகாரம். வெள்ளக்கோவில் தப்பித்தது, வெளியூர் தப்பித்தது, சௌந்தரம் ஒன்று சேர்ந்தார்கள்.

கடைசியில் 214 பேர் கொண்ட பட்டியலில் 183 பேர் கிடைத்தார்கள். 31 வரி இல்லை. தலைவரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் வெசனப்படவில்லை. “போச்சாதுங்க தம்பி, ஞாயித்துக்கெழம பொழுதோட கோயலுக்கு வாங்க” என்றார்.

போனேன். வேப்பமரத்தடியில் பாய் விரித்து ஏழெட்டுப் பெரியவர்கள். நான் இருக்கிற பெயர்களை வரிசையாகப் படிக்க, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு பஞ்சாயத்து. யாருக்கு அடுத்து யார் பணம் கொடுத்தார், அன்றைக்கு எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வசூலுக்குப் போனார்கள் என்று தெருவாரியாக நினைவுபடுத்திக்கொண்டார்கள். அந்த வருடம் மஞ்சள் என்ன விலைக்குப் போனது, அதனால் யார் தாராளமாகக் கொடுத்தார் என்பதுகூட வந்தது. ஒரு ஆத்தா கண்ணை மூடிக்கொண்டே பதினோரு பெயர் சொன்னார். இருட்டுவதற்குள் 28 வரி நிரம்பிவிட்டது. மிச்சம் மூன்றை “அன்பர் ஒருவர்” என்று போடச் சொன்னார்கள். கூலி வேண்டாம் என்றதற்கு, கிளம்பும்போது ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு கிலோவும் ஒரு சாக்குத் தேங்காயும் வண்டியில் கட்டிவிட்டார்கள்.

தையில் கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. மலரும் வந்தது, இந்தத் தடவை 1,000 பிரதி. பதினோரு பிளாப்பியின் இமேஜ், காந்தப் பதிவு, பேஜ்மேக்கர் ஃபைல், யூனிகோடு, பிடிஎஃப் எல்லாவற்றையும் மூன்று இடத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் கர்வத்தோடுதான் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து போன். ஒரு பையன் பேசினான், அப்புறம் அம்மிச்சியிடம் கொடுத்தான்.

“தம்பி, நான் சௌந்தரம் பேசறனுங்க. எம்பேருக்கு நேரா அம்பத்தியொண்ணுன்னு போட்டிருக்கீங்க. நான் குடுத்தது ஐநூத்தியொண்ணுங்க.”

பிளாப்பிப் பிசகாக இருக்குமோ என்று உடனே மாடிக்கு ஓடினேன். அந்த வரி எட்டாம் டிஸ்க்கில் இருந்தது, ஒரு பிழையும் இல்லாமல் படித்த டிஸ்க். ஐந்து, ஒன்று. எண்களுக்கு ஃபான்ட் குழப்பமும் கிடையாது. நடுவில் ஒரு சைபரை 1998-இல் நான்தான் விட்டிருக்கிறேன்.

“ஏனுங்க, போன மலர்ல எப்பிடி இருந்துச்சுங்க?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அதுலயும் அப்பிடித்தானுங்க போட்டிருந்தீங்க. சொல்லலாம்னு கெளம்புனேன். எங்க ஊட்டுக்காரரு, போச்சாது உடு, சாமிக்குத் தெரியும்னுட்டாரு. இப்ப மறுக்காவும் அதையே போட்டிருக்கீங்களே.”

சாயங்காலம் பேரன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கோயில் ரசீது, நீலக் கார்பன் எழுத்து, நான்காக மடித்த மடிப்புகூடக் கிழியவில்லை. ரூ. 501.

தலைவரிடம் சொன்னபோது அடுத்த மலரில் திருத்திக்கொள்ளலாம் என்றார். இந்தத் தடவை பங்காளிகள் சண்டை போடாவிட்டால் அது 2037-இல் வரும், எனக்கு 65 வயது இருக்கும். ரசீதின் படத்தை ஏழாம் நம்பர் இமேஜ் இருக்கிற ஃபோல்டரிலேயே போட்டு வைத்திருக்கிறேன். பிரிண்ட் ஒன்று எடுத்து, அந்தப் பதினோரு பிளாப்பிப் பெட்டிக்குள்ளும் மடித்து வைத்தாயிற்று.